குளத்துமேட்டில் இறங்கி நடப்பவர்

மக்கா,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். மொபெட்டும் நலம், இப்போது முன்னைவிட மெதுவாகப் போகிறது, அதற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் உன் அம்மா அடுக்களையில் இருந்தபடியே திருத்தம் சொல்லுவாள். நான் "நாப்பதுல போனேன்" என்றால் "முப்பது" என்பாள். "ஓரமா நிறுத்தினேன்" என்றால் "விழுந்தாரு" என்பாள். தாலுகா ஆபீஸில் காலமெல்லாம் அடுத்தவர் மனுவுக்குக் குறிப்பு எழுதியே கை தேய்ந்தவன் நான். என் சொந்தக் கதையை ஒரு தடவையாவது குறுக்கீடு இல்லாமல் எழுதிவிட வேண்டும் என்று ஆசை. அவள் இப்போது கோயிலுக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் முடிப்பேனா என்பது சந்தேகம்தான். இதை நீ உன் கூட்டாளிகளுக்கு வாட்சப்பில் அனுப்பினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. கல்யாணம் ஆன பையன்கள் எல்லோரும் படிக்கட்டும்.

போன வாரம் நீ புலம்பியதிலிருந்து தொடங்குகிறேன். மருமகள் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்றாய். என்ன ஏது என்று கேட்டால், தாளிக்கிற புகை அடுக்களையை விட்டு வெளியேற மாட்டேன் என்கிறது, புகையை வெளியே தள்ளுகிற விசிறி ஒன்று மாட்டித் தாருங்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள். நீ போய், சுவரையே மறைக்கிற மாதிரி ஒரு டிவி வாங்கி ஹாலில் மாட்டியிருக்கிறாய். "இவ்ளோ பெரிய டிவி இந்த அபார்ட்மெண்ட்லயே யார்ட்டயும் கெடையாதுப்பா, அதுக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கா" என்றாய். நான் சிரித்துவிட்டேன். உனக்குச் சுருக்கென்று கோபம் வந்து, "அந்த ஓட்ட மொபெட்ட மொதல்ல எடைக்குப் போடுங்க, நான் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கித் தாரேன்" என்று சம்பந்தமே இல்லாமல் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். உன்னைக் கேலி செய்ய நான் சிரிக்கவில்லை மக்கா. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா என்று நினைத்துத்தான் சிரித்தேன். மொபெட்டை ஏன் எடைக்குப் போட முடியாது, மருமகள் ஏன் பேசவில்லை என்ற இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே கதையில் இருக்கிறது. பொறுமையாகப் படி.

அந்த மொபெட் நீ பிறந்த வருஷம் வாங்கியது. பெடலை மிதித்து ஸ்டார்ட் செய்கிற ரகம். கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது, வெட்கமும் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் நின்றுவிடும். உன் அத்தை கல்யாணத்துக்கு வாழைத்தார் சுமந்திருக்கிறது. உனக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலை சுமந்திருக்கிறது. நீ பத்தாம் வகுப்புக் கணக்கில் வாங்கிய மார்க்கைப் பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு நான் வாயடைத்துத் திரும்பியபோது என்னையும் சுமந்திருக்கிறது. தினம் சாயங்காலம் நானும் உன் அம்மாவும் அதில்தான் தோட்டத்துக்குப் போவோம். பனவடலிசத்திரம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய், பிரிந்து, குளத்தங்கரை மேல் ஏறி இறங்கினால் நம் எலுமிச்சை மரங்கள். அந்தக் குளத்துமேடு உனக்கு நினைவிருக்கும். இரண்டு ஆளை வைத்துக்கொண்டு மொபெட் அதில் ஏறாது. மேடு தெரிந்ததும் உன் அம்மா இறங்கிவிடுவாள். நான் சொல்ல வேண்டியதே இல்லை. நான் மட்டும் முக்கி முக்கி ஏறி, உச்சியில் இருக்கிற வாகை மரத்து நிழலில் நின்றுகொண்டு, அவள் நடந்து வருவதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் வந்ததும் ஏறிக்கொள்வாள். இதில் விசேஷமாக ஏதோ இருக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். சண்டை என்று இல்லை, அப்படியே பழகிவிட்டது. அவளுக்கு அடுக்களை, எனக்குப் பேப்பர், இரண்டு பேருக்கும் நடுவில் டிவி சத்தம். ஆனால் மொபெட்டில் பின்னால் ஏறி உட்கார்ந்தால் போதும், உன் அம்மா பேச ஆரம்பித்துவிடுவாள். என் முதுகைப் பார்த்துத்தான் பேசுவாள். நான் "ம்" போடுவேன். எந்த "ம்" சம்மதம், எந்த "ம்" யோசனை என்று அவளுக்குத் தெரியும். நீ எந்தக் கல்லூரியில் படிப்பது, வீட்டுக்கு மாடி எடுப்பதா வேண்டாமா, எல்லாம் அந்த வண்டியில் போகும்போது முடிவானதுதான். உன் கல்யாணமும் அப்படித்தான். புளியங்குடிப் பெண்ணுக்குச் சரி என்று ரோடு பிரிகிற இடத்தில் ஒரு "ம்" போட்டேன், நீ மாப்பிள்ளை ஆனாய்.

இந்த ஆடி பிறப்பதற்குச் சில நாள் முன்னால், உன் மாமனார் முறைப்படி தலை ஆடிக்கு உங்களை அழைத்துப் போவதைச் சொல்ல நம் வீட்டுக்கு வந்திருக்கிறார். வீடு பூட்டியிருந்தது. தோட்டத்துக்குப் போயிருப்பார்கள் என்று யாரோ சொல்ல, காரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். குளத்துமேட்டில் உன் அம்மா தலையில் சும்மாட்டுத் துணியும் இடுப்பில் காலிக் கூடையுமாக நடந்துகொண்டிருக்கிறாள். நான் உச்சியில் வாகை மரத்தடியில் நிற்கிறேன். கார் அவளருகே நின்றது.

"என்ன மதினி, நடந்து வாரிய? வண்டி ரிப்பேரா?"

"இல்ல அண்ணாச்சி. மேட்டுக்கு மட்டும் இப்படித்தான்."

மனிதர் பதறி இறங்கி, கதவைத் திறந்து, உன் அம்மாவைக் காரின் பின் சீட்டில் உட்கார வைத்தார். கூடைக்குத் தனி மரியாதை, அது முன் சீட்டில். கார் என்னைத் தாண்டும்போது கண்ணாடியை இறக்கி, "என்ன சம்பந்தி, இந்த வண்டில போறதுக்கு நடந்தே போனா சீக்கிரம் போயிரலாம் போலயே!" என்று சிரித்தார். நல்ல மனிதர், மனசில் ஒன்றும் கிடையாது, எலுமிச்சைக் கமிஷன் கடையில் பேசிப் பேசி வாய் நீண்டுவிட்டது. முன்னால் கார் போக, அந்தப் புழுதியைக் குடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். என் பெண்டாட்டியைச் சம்பந்தி காரில் கூட்டிப்போகிறார், நான் என் தோட்டத்துக்கே விருந்தாளி மாதிரி கடைசியில் போய்ச் சேர்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன் அம்மா சொன்னாள்: "இங்க பாருங்க. என்னைய உக்கார வச்சிக்கிட்டு அந்த மேடு ஏறுச்சுன்னா நான் இந்த வண்டில ஏறுதேன். இல்லன்னா இனிமே நீங்க ஒரு வழி, நான் ஒரு வழி." சொன்னபடியே செய்தாள். மறுநாள் சாயங்காலம் நான் வண்டியை வாசலில் நிறுத்தி மணிக்கணக்காக ஹாரன் அடித்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளிடம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் இருக்கிறது அல்லவா, அவளுக்கும் அந்தப் பக்கம்தான் தோட்டம். இருவரும் ஒன்றாகக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

இங்கேதான் மக்கா நான் உன் தகப்பன் என்பதை நிரூபித்தேன். ஒரே நாளில் என்னிடம் இரண்டு மனு வந்திருக்கிறது. ஒன்று உன் அம்மாவுடையது: மேடு ஏற வேண்டும். இன்னொன்று சம்பந்தியுடையது: வண்டி மெதுவாகப் போகிறது. ஆபீஸில் ஒரே நேரத்தில் இரண்டு மனு வந்தால் எந்த மனுவை முதலில் எடுப்போம்? பெரிய இடத்து மனுவைத்தான். அந்தப் பழக்கம் ரிட்டயர் ஆன பிறகும் என்னை விடவில்லை. உன் அம்மா சொன்னது காதில் விழுந்தது. சம்பந்தி சிரித்தது நெஞ்சில் தைத்திருந்தது. வண்டியை உருட்டிக்கொண்டு நேரே சுடலைமுத்துவின் பட்டறைக்குப் போனேன்.

சுடலைமுத்துவை உனக்குத் தெரியும், தறி ஓடுகிற தெருவுக்குப் பின்னால் மெக்கானிக் கடை வைத்திருக்கிறவன். வாயைத் திறந்தால் பொய்யைத் தவிர வேறு எதுவும் வராது. வாலிபத்தில் மொபெட்டில் கிளம்பி, பஸ்ஸுக்கு முன்னால் திருநெல்வேலி போய்ச் சேர்ந்து, பஸ்ஸில் வந்த தன் மச்சானை ஸ்டாண்டில் நின்று வரவேற்றதாகச் சொல்லுவான். கேட்டால் பஸ் பஞ்சர் ஆன விஷயத்தை மட்டும் சொல்ல மாட்டான். வண்டியைச் சுற்றி வந்து, சீட்டைத் தட்டி, மாடு வாங்க வந்தவன் மாதிரி சக்கரத்தை ஆட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இத ஓட விடணுமா, பறக்க விடணுமா?"

"பறக்க விடு" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான் மக்கா. நுணலும் தன் வாயால் கெடும்.

அதற்குப் பிறகு ஊர்க் கோயில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நான் பட்டறையே கதி என்று கிடந்தேன். வண்டியை நட்டு நட்டாகக் கழற்றிச் சாக்கில் பரப்பினோம். சைலன்சரைக் கழற்றித் தீயில் வாட்டினால் உள்ளே இருந்து வருஷக்கணக்கான கரி கொட்டுகிறது. சிலிண்டரைக் கடைசல் பட்டறையில் கொடுத்து உள்வாயைக் கடைந்து பெரிதாக்கி, புதுப் பிஸ்டன் போட்டோம். அந்த மாடலுக்கு இப்போது சாமான் கிடைக்காது. ராஜபாளையத்தில் பழைய சாமான் கடை ஒன்றில் பிஸ்டனையும், இன்னொருவர் வீட்டுக் கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்திருந்த ஒரு செத்த மொபெட்டிலிருந்து கார்பரேட்டரையும் பிடித்தேன். கூண்டு சாய்ந்துவிடக் கூடாதே என்று அதற்கு ஒரு செங்கல்லும் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைசியாகச் சுடலைமுத்து ரகசியம் சொல்லுகிற தோரணையில் முன்னால் இருந்த பல்சக்கரத்தைக் காட்டினான். செயினை இழுக்கிற சின்னச் சக்கரம். "இதுல ரெண்டு பல்லு கூட்டிட்டோம்னா, பொறவு வண்டிய நீங்க பிடிக்க முடியாது" என்றான். கூட்டு என்றேன். பெட்ரோலும் ஆயிலும் என் வேட்டியிலேயே கலந்திருந்தன. உன் அம்மா என் வேட்டியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் நானே துவைத்துக்கொண்டேன்.

பறந்தது மக்கா. பொய் சொல்லவில்லை, பறந்தது. முதல் நாள் ஸ்டேஷன் ரோட்டில் முறுக்கியபோது, நீ சின்னப் பிள்ளையாக ராட்டினத்தில் சுற்றும்போது கத்துவாயே, அப்படிக் கத்த வேண்டும்போல் இருந்தது. நாய்கள் துரத்திப் பார்த்துவிட்டு இது ஆகாது என்று நின்றுவிட்டன. ஆபீஸில் எனக்கு மேலதிகாரியாக இருந்து என் லீவை வெட்டியவர் வாக்கிங் போய்க்கொண்டிருந்தார். அவரைத் தாண்டும்போது வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். அறுபது தாண்டியவனுக்கு எதற்கு வேகம் என்று நீ கேட்பாய். அறுபது தாண்டியவனை யாரும் எதற்கும் அவசரப்படுத்துவதில்லை, அதுதான் காரணம். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை.

அப்படிப் பறந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், முன்னால் பேச்சியம்மாளின் ஸ்கூட்டர் போகிறது, பின்னால் உன் அம்மா. எனக்குக் கை நிற்குமா? ஹாரனை அமுக்கிக்கொண்டே அவர்களைத் தாண்டி, தாண்டும்போது ஒரு கையை எடுத்து ஆட்டினேன். சைலன்சரின் அடைப்பை எடுத்ததிலிருந்து சத்தம் ஊருக்கே கேட்கும். புகை அதற்கும் மேல். உன் அம்மா முந்தானையால் முகத்தை முழுக்க மூடிக்கொண்டாள். "வடிவக்கா, அது அண்ணாச்சில்லா?" என்று பேச்சியம்மாள் கேட்டிருக்கிறாள். "யாருன்னு தெரியலயே" என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாள். பேச்சியம்மாளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி இப்படி ஓடுகிறது, பின் சீட்டு காலியாகக் கிடக்கிறது. தோட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் "ம்" போட ஆள் இல்லாமல், இல்லை, "ம்" போடவைக்க ஆள் இல்லாமல் போய்வருகிறேன். எலுமிச்சையில் பூச்சி விழுந்ததை நான் யாரிடம் சொல்ல? வீட்டில் போய்ச் சொன்னால் அது செய்தி. வண்டியில் சொன்னால்தான் பேச்சு. நாள் ஆக ஆக அது எனக்குத் தாங்கவில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்லுகிறேன்.

ஆவணியில் ஒரு நாள், சாயங்காலம் வரை பொறுக்காமல் மத்தியானமே வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டேன். "வண்டி ரெடி. ஒரு தடவ ஏறிப் பாரு" என்றேன். உன் அம்மா என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மேடு ஏறுமா?" என்று மட்டும் கேட்டாள். "மேடா? பறக்கும்ட்டி!" என்றேன். ஏறினாள். சமதளத்தில் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவள் தலையில் வைத்திருந்த பிச்சிப்பூ ஒரு பக்கம் பறந்தது, கூடை ஒரு பக்கம் பறக்கப் பார்த்தது. "மெதுவா, மெதுவா" என்று என் முதுகில் குத்தினாள். அவள் பேசத்தான் ஆரம்பித்துவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷம். அதே வேகத்தில் மேட்டில் விட்டேன்.

பாதி ஏற்றம்கூட இல்லை. வண்டி ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது. நின்றால் பரவாயில்லை, பின்னால் உருள ஆரம்பித்தது. உன் அம்மா குதித்துவிட்டாள். முன்பு அவள் இறங்கினால் என்னை மட்டுமாவது தூக்கிக்கொண்டு ஏறிவிடும். இப்போது என்னையும் இழுக்காது. பெடலை மிதிக்கிறேன், உறுமுகிறது, நிற்கிறது. கடைசியில் நான் ஹேண்டில்பாரைப் பிடிக்க, உன் அம்மா பின்னால் கேரியரைப் பிடித்துத் தள்ள, இரண்டு பேருமாக மேடு ஏற்றினோம். குளத்தில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் எல்லாம் கரையில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்திருந்த நேரம். அதில் முப்பிடாதி என்று ஒருத்தி, வாய்க்குப் பூட்டே கிடையாது, "ஏ வடிவக்கா, அண்ணாச்சிய எங்கன தள்ளிக்கிட்டுப் போறிய?" என்று கத்தினாள். கரை முழுக்கச் சிரிப்பு. உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டு தள்ளினாள்.

வாகை மரத்தடிக்கு வந்து மூச்சு வாங்கியபடி நின்றோம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் என்னிடம் பதில் இருந்தது: கார்பரேட்டரில் ஜெட்டு அடைத்துவிட்டது, பெட்ரோல் கலப்படம், ஏதாவது. அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாள்.

"வேகமா போணும்னு நான் எப்பங்க கேட்டேன்? உக்காந்தபடி மேடு ஏறணும்னுதான கேட்டேன்."

நான் குனிந்து செயினைப் பார்த்தேன்.

"இத்தன வருசமா நீங்க மேல போயி நெழல்ல நிப்பிய. நான் கீழருந்து வருவேன். போறவன் வாரவன் எல்லாம் கேக்கான், வண்டி ரிப்பேரா, வண்டி ரிப்பேரான்னு. நான் என்னன்னு சொல்ல? வண்டி நல்லாத்தான் இருக்கு, நான்தான் பாரம்னா சொல்ல?"

மக்கா, நான் எத்தனையோ பெரிய அதிகாரிகளிடம் பேச்சு வாங்கியவன். ஒன்றும் ஒட்டியதில்லை. அந்த ஒரு வார்த்தை என்னை உட்கார வைத்துவிட்டது. அவளை இறக்கிவிட்டதில் எனக்குக் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அவள் நடப்பதை நான் தினமும் பார்த்தேன், ஆனால் அவளிடம் தினமும் ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. நான் நின்ற உயரத்துக்கு அது கேட்காது.

மறுநாள் சுடலைமுத்துவிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவன் அசரவில்லை. "ஸ்பீடு வேணும்னு கேட்டிய, ஸ்பீடு தந்தேன். மேடு ஏறணும்னு ஒரு வார்த்த சொன்னியளா? ஓட்டத்துக்கு வச்ச வண்டி ஏத்தத்துல செத்துத்தான் போவும் அண்ணாச்சி. ஒண்ணு வேணும்னா ஒண்ண விடணும்" என்றான். முன் பல்சக்கரத்தில் கூட்டிய பல்லைக் குறைத்து, பின் சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் போட்டால் எந்த மேட்டையும் ஏறும். ஆனால் வேகம் போய்விடும், சைக்கிள்காரன்கூடத் தாண்டிப் போவான் என்றான். வேண்டுமென்றால் நடுத்தரமாக ஒன்று போடலாம், கொஞ்சம் வேகமும் இருக்கும், கொஞ்சம் இழுவையும் இருக்கும் என்று ஆசை வேறு காட்டினான். அன்று முழுக்க நான் முடிவு சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் ஸ்டேஷன் ரோட்டில் இன்னொரு தடவை பறந்தேன். இன்னும் ஒரு தடவை. பிறகு திரும்பிப் போய், "பெரிய சக்கரத்தையே போடு" என்றேன். சொல்லிவிட்டு ஆக்ஸிலேட்டரைக் கடைசியாக ஒரு முறுக்கு முறுக்கினேன், சிரிக்காதே.

உன் டிவி விஷயம் இதுதான் மக்கா. நீ கஞ்சன் இல்லை, அன்பு இல்லாதவனும் இல்லை. ஒருத்தி கேட்டதைக் கொடுத்தால் வெறும் கீழ்ப்படிதல்போல் தோன்றுகிறது; கேட்காததைப் பெரிதாகக் கொடுத்தால்தான் நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. யாரோ சிரித்ததற்குப் பதில் சொல்லவும் அது உதவுகிறது. உன் அபார்ட்மெண்டில் எவன் உன் பழைய டிவியைப் பார்த்துச் சிரித்தானோ, அவனுக்கு நீ பதில் சொல்லிவிட்டாய். புகை மட்டும் அடுக்களையிலேயே இருக்கிறது. முதலில் போய் அந்த விசிறியை மாட்டு. மாட்டும்போது நீயே ஒரு தடவை கடுகு தாளித்துப் பார், எந்தப் பக்கம் புகை திரும்புகிறது என்று தெரியும். மன்னிப்பு எல்லாம் கேட்க வேண்டாம், நம் வீட்டில் அந்த வார்த்தைக்குப் பழக்கம் இல்லை, அவள் பயந்துவிடுவாள்.

இனி நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பெரிய பல்சக்கரம் மாட்டி வண்டியைக் கொண்டுவந்தேன். இருபத்தைந்தைத் தாண்டவில்லை, அதற்கே ஊரைக் கூட்டுகிற கத்தல். வழியில் டியூஷன் விட்டு வந்த பெண் பிள்ளைகள் சைக்கிளில் என்னைத் தாண்டிப் போனார்கள். வாசலில் நிறுத்தி, "மேடு ஏறும்" என்று மட்டும் சொன்னேன். வேறு வார்த்தை சேர்க்கவில்லை. உன் அம்மா வந்தாள். பின்னால் ஏறவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, "நகருங்க, நான் ஓட்டுதேன்" என்றாள்.

"ஏட்டி, நீ எப்பம் ஓட்டிப் படிச்ச?"

"நீங்க பட்டறைல கெடந்தியள்லா, அப்பம். பேச்சி சொல்லித் தந்தா."

கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக நான் பின்னால் உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, கூடையைப் பிடித்துக்கொண்டேன். நன்றாகத்தான் ஓட்டினாள். நான் பின்னால் இருந்து "பிரேக்கு, பிரேக்கு" என்று இரண்டு தடவை சொன்னதற்கு, "சும்மா வாரியளா" என்றாள். ரோட்டில் இருந்து பிரிந்து மேட்டடிக்கு வந்ததும் வண்டியை நிறுத்தினாள்.

"எறங்குங்க."

"வண்டி இழுக்கும்ட்டி. பெரிய சக்கரம் போட்டிருக்கு. ரெண்டு பேரையும் இழுக்கும்."

"இழுக்கும்னு எனக்கும் தெரியும். எறங்குங்க."

இறங்கினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். அந்த மேடு அவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது மக்கா. அதில் பாதிக்கு மேல் நிழலே கிடையாது. குளத்து வேலை முடிந்து பெண்கள் எதிரே வந்தார்கள், முன்னால் முப்பிடாதி. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி, நடந்து வாரிய? வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் பாரம்" என்றேன்.

அவர்கள் சிரித்த சிரிப்பு குளத்தைத் தாண்டிக் கேட்டிருக்கும். உன் அம்மா இந்நேரம் உச்சிக்குப் போய் மரத்தடியில் நிழலில் நின்றிருப்பாள், வண்டிச் சத்தம் அங்கிருந்துதான் கேட்கிறது, அதுதான் நியாயம் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தால், அவள் எங்கேயும் போகவில்லை. ஆமை வேகத்தில், நான் நடக்கிற நடைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு பக்கத்திலேயே வருகிறாள். அவ்வளவு மெதுவாக அந்த மேட்டில் ஏற எங்களுடைய வண்டி ஒன்றால்தான் முடியும். அவள் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. எனக்கும் அப்படித்தான்.

"மூச்சு வாங்குது. ஏறிக்கிடுங்க, போதும்" என்றாள்.

"வேண்டாம். நீ பேசு" என்றேன்.

எலுமிச்சையில் விழுந்த பூச்சிக்கு நான் அடித்த மருந்து தப்பு என்பதில் ஆரம்பித்து, மேடு முடிகிற வரைக்கும் என் முகத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டே வந்தாள். நான் "ம்" போட்டுக்கொண்டே நடந்தேன்.

உன் அப்பா